முதுகெலும்புக்கும் பனிக்கும் நடுவே

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓடும் தடங்களைப் பெரும்பாலும் இரவில்தான் சீர்செய்கிறார்கள். பகல் போக்குவரத்து ஓய்ந்த பிறகு ஒரு பெரிய வண்டி பின்னால் இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு வரும். மேடுகளைச் சீவி, பள்ளங்களை நிரப்பி, பனியை அழுத்திவிட்டுப் போகும். விடிவதற்குள் குளிரில் தடம் இறுகிவிடும். சனிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போகிறவருக்கு அந்தத் தடம் சொர்க்கம். அதே தடத்தில் மாலையில் திரும்புகிறவர் பாடு வேறு. அதற்குள் எத்தனையோ வண்டிகள் ஓடி, தடம் முழுக்க முழங்கால் உயர மேடுகள் வரிசைகட்டி எழுந்திருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் பின்பக்கம் எழும்பி விழும். ஏதோ ஒரு மேட்டில் 'டங்'கென்று சத்தம் கேட்கும். சத்தத்தோடு அடியும் இடுப்பில் இறங்கும். சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய தூரம் முழுவதும் அமுங்கித் தீர்ந்து, அதற்கு மேல் இடமில்லாமல் அடிதட்டிய சத்தம் அது.

அந்தச் சத்தம் வராமல் காக்க வேண்டிய பொருள் இருக்கைக்குக் கீழே, ரப்பர் ட்ராக்கின் நடுவே ஒளிந்திருக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு ஒரு உலோக உருளை: பின்பக்க ஷாக் அப்சார்பர். உருளைக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் துளைகள், துளைகளை மூடியபடி மெல்லிய எஃகுத் தகடுகள். வண்டி விழும்போது பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் தகடுகளை வளைத்துக்கொண்டு வழி தேடுகிறது. விழுந்த வேகம் சூடாக மாறி எண்ணெயில் தங்கிவிடுகிறது. இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் பொருள் ஸ்னோமொபைலுக்குள் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1934 பனிக்காலத்தில் கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-அர்மாண்ட் பம்பார்டியர் என்ற மெக்கானிக்கின் மகன் இவோன் குடல்வால் நோயால் இறந்தான். வயது இரண்டு. சாலைகளைப் பனி மூடியிருந்தது. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. பனியில் ஓடும் வண்டிக்காகப் பம்பார்டியர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்தார். பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அவருடைய ட்ராக் அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமர்ந்து போகும் பி-7 வண்டி அதே காலத்தில் விற்பனைக்கு வந்தது. மருத்துவரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிப்போன வண்டிகள் இவை. ஓரிருவர் ஏறி ஓட்டும் சிறிய ஸ்கி-டூ 1959இல் வந்தது. அதன் மாதிரி வண்டி ஒன்றை வட ஒன்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற ஒதுக்குப்புறக் குடியிருப்பில் ஊழியம் செய்த பாதிரியார் மொரீஸ் உயிமேயிடம் பம்பார்டியர் கொண்டுபோய்க் கொடுத்தார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்குப் பதிலாக ஓட்டுவதற்கு.

அந்த முதல் ஸ்கி-டூவில் 7 குதிரைத்திறன் எஞ்சின். ட்ராக்குக்குள் இருந்தவை 'போகி' எனப்படும் சிறு சக்கரக் கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சிறிய ஸ்பிரிங்குகள். பின்பக்கம் அமுங்க சில சென்டிமீட்டர் இடம் இருந்தால் அதிகம். எண்ணெய் நிரம்பிய ஷாக் என்ற பேச்சே இல்லை. வண்டி மெதுவாகப் போனதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. 1968 ஏப்ரல் 19 அன்று மினசோட்டாக்காரர் ரால்ஃப் பிளெய்ஸ்டெடும் கூட்டாளிகளும் ஸ்கி-டூ வண்டிகளில் வடதுருவத்தை அடைந்ததும் போகி சக்கரங்களின் மேல் உட்கார்ந்துதான். ஆர்க்டிக் கடலின் உறைந்த பரப்பில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கி மேடுகளாக எழுந்து நிற்கும். அவற்றின் மேல் ஏற்றி இறக்கி அவர்கள் போனார்கள். அவர்களுடைய முதுகு என்ன பட்டிருக்கும் என்று நினைக்கையில் எனக்கு மலைப்புதான் மிஞ்சுகிறது.

எஞ்சின் பெருத்ததும் கதை மாறியது. 1960களிலும் எழுபதுகளிலும் ஸ்லைடு ரெயில் என்ற அமைப்பு போகியை மெல்லமெல்ல வெளியேற்றியது. இரண்டு நீண்ட அலுமினியத் தண்டுகள். அவற்றின் அடியில் பிளாஸ்டிக் பட்டைகள். பட்டைகளின் மேல் ட்ராக் வழுக்கிக்கொண்டு ஓடும். பனியே அந்த உராய்வுக்கு நீரும் மசகும். தண்டுகளை வண்டியின் உடலோடு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை என்று இரண்டு கைகள் இணைக்கும். அந்தக் கைகளில்தான் ஷாக்குக்கு முதன்முறையாக உருப்படியான இடம் கிடைத்தது. முன் கைக்கு ஒன்று, பின் கைக்கு ஒன்று. எடையைத் தாங்கப் பின்பக்கம் இருபுறமும் தடித்த முறுக்கு ஸ்பிரிங்குகள்.

இடம் கிடைத்துவிட்டது, தரமான ஷாக் வேறு திசையிலிருந்து வரவேண்டியிருந்தது. ஆரம்பகால ஷாக்குகளில் எண்ணெயும் காற்றும் ஒரே கூட்டுக்குள் இருந்தன. பிஸ்டன் வேகமாக ஓடினால் இரண்டும் கலந்து நுரைத்துவிடும். நுரையைப் பிஸ்டன் தடையில்லாமல் கிழித்துக்கொண்டு போகும். ஷாக் இருந்தும் இல்லாததாகிவிடும். இதற்கு விடை கண்டவர் கிறிஸ்டியன் தெ கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர். ஒரே குழாய், அதன் ஒரு பகுதியில் எண்ணெய், மறு பகுதியில் மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜன், இரண்டுக்கும் நடுவே மிதக்கும் ஒரு தடுப்புப் பிஸ்டன். மூடியைத் திறக்காத சோடா பாட்டிலுக்குள் குமிழி கிளம்பாதது மாதிரி, அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயில் நுரை எழுவதில்லை. 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் இதைக் கார்களுக்குக் கொண்டுபோனது.

கார்களிலிருந்து அது, மேடுபள்ளத் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்குப் போனது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கன்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் பின்சக்கரத்துக்கு ஒற்றை ஷாக்கை வைத்து ஒரு வடிவம் செய்தார். யமஹா அதை வாங்கியது. 1973இல் ஹாகன் ஆண்டர்சன் அந்த ஒற்றை ஷாக் வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அதற்கப்புறம் மேட்டில் தாவும் வண்டிகளுக்கு ஷாக் செய்வதே தனித் தொழிலானது. கலிஃபோர்னியாவில் 1974இல் ஃபாக்ஸ், ஸ்வீடனில் 1976இல் ஓலின்ஸ். ஜப்பானின் கேஒய்பி முன்பே இருந்தது. இன்று ஸ்னோமொபைலின் ட்ராக்குக்குள் எட்டிப் பார்த்தால் தென்படும் பெயர்களில் பல இவைதான். அந்த நைட்ரஜன் உத்தியை நம் ஊர்ச் சாலையிலும் பார்த்திருப்பீர்கள்: பல்சர் வண்டியின் பின்பக்க ஷாக்கோடு ஒட்டியிருக்கும் சிறு குப்பியில் இருப்பதும் அழுத்தமேற்றிய வாயுதான்.

ஷாக்கைப் பனிக்குள் இழுத்து வந்தது ஸ்னோகிராஸ் என்ற பந்தயம். மோட்டோகிராஸ் தடத்தைப் பனியில் கட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்னோமொபைல்களைப் பறக்கவிடும் விளையாட்டு. 1990களின் பிற்பாதியில் சஸ்காட்சுவானின் பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து வந்த பிளேர் மோர்கன், மோட்டோகிராஸ்காரர் ஆனதால், உட்காராமல் நின்றே ஓட்டினார், எல்லாரையும் பின்தள்ளினார். உட்கார்ந்து ஓட்டுகிறவரின் முதுகெலும்பு அடியை நேராக வாங்குகிறது. நிற்பவருக்கு முழங்காலும் கணுக்காலும் இன்னொரு சஸ்பென்ஷன். இந்தப் பாடம் பந்தயத்தோடு நிற்கவில்லை. 2003 மாடலாக வந்த ஸ்கி-டூ ரெவ் வண்டியில் ஓட்டுபவரின் இருக்கையையே முன்னால் நகர்த்தி, வண்டியின் நடுப்புள்ளிக்கு அருகே கொண்டுவந்தார்கள். பின்பக்கம் எவ்வளவு உதைத்தாலும் நடுவில் இருப்பவரைத் தூக்கி எறிவது குறைந்தது. அடிதட்டுவதற்கு எதிரான பெரிய முன்னேற்றங்களில் ஒன்று, ஷாக்கைத் தொடாமல், ஆளை இடம் மாற்றியதால் வந்தது என்பது என் கருத்து.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை 30 சென்டிமீட்டர் தூரத்தில் சீராகக் கரைத்தால் உடம்பு உணரும் தடுப்பு விசை, அதன் எடையைப் போல நான்கு மடங்கு சொச்சம். அதே வேகம் 3 சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் 34 மடங்கு. இன்றைய தடவண்டிகளின் பின்பக்கம் 35, 40 சென்டிமீட்டர் வரை அமுங்குவதற்கு இதுதான் காரணம். அத்தனை இடம் இருந்தும் அதை முதல் பாதியிலேயே செலவழித்துவிட்டால் மிச்சத்தை வாங்குவது முதுகு. ஸ்னோமொபைல் விபத்துகளில் மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் முள்ளெலும்பு நசுங்கி உடைவதை எலும்பு மருத்துவர்கள் பல்லாண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறார்கள். வண்டி கவிழவே வேண்டாம். ஒரு மேட்டிலிருந்து தப்பாக இறங்கினாலே போதும்.

அந்த இடத்தை வீணடிப்பது எது? பெரும்பாலும் ஷாக்கின் ஆயுள்கதையில்தான் விடை இருக்கிறது.

ஷோரூமிலிருந்து வெளியே வரும் ஷாக் யாரோ ஒருவருக்காகச் செய்யப்பட்டது. அந்த யாரோவின் எடையைத் தொழிற்சாலை ஊகித்து வைத்திருக்கிறது. வண்டியை வாங்குபவர் அறுபது கிலோவாகவும் இருக்கலாம், நூற்றிருபது கிலோவாகவும் இருக்கலாம். பின்னால் மனைவியும் ஒரு பெட்டியும் ஏறலாம். கனமான உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஊகத்துக்கு மேல் போகிறவர் ஏறி உட்கார்ந்ததுமே பின்பக்கம் பாதி தாழ்ந்துவிடும். மேடு வருவதற்கு முன்பே இடம் தீர்ந்த கணக்கு. இதற்கு ஷாக் மீது பழி போட முடியாது. எடைக்கேற்ற முறுக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டும். பலரும் செய்வது வேறு: இருக்கிற ஸ்பிரிங்கையே, அதன் இறுக்கத்தை மாற்றும் கேம் கட்டையைத் திருப்பிக் கடைசி வரை இறுக்குவது. அதனால் வண்டி உயர்ந்து நிற்கும், சின்ன மேட்டிலெல்லாம் கடகடக்கும், பெரிய மேட்டில் பழையபடி அடிதட்டும். இறுக்குவதால் ஸ்பிரிங்கின் வலிமை கூடுவதில்லை; அது வேலையைத் தொடங்கும் இடம்தான் தள்ளிப்போகிறது.

ஸ்பிரிங் சரியாக இருந்தும் அடிதட்டினால் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். ட்ராக்குக்குள் வாழும் ஷாக்கின் மேல் பனித்தூள் ஓயாமல் வாரியிறைக்கப்படுகிறது. பிஸ்டனைத் தாங்கும் தண்டின் மேல் பனி உறைந்து, ஒவ்வொரு அமுக்கலிலும் எண்ணெயை அடைத்து வைக்கும் சீலைச் சுரண்டுகிறது. கல்லும் மண்ணும் தண்டின் பளபளப்பில் பொட்டுப் பொட்டாகக் காயம் செய்கின்றன. காயம் பட்ட தண்டு சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் எண்ணெயைக் கசியவிடும். நைட்ரஜனும் மெல்லத் தப்பிப்போகும். குளிர் வேறு: கராஜின் 20 டிகிரியில் நிரப்பிய வாயு மைனஸ் 30 டிகிரியில் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றையே நம்பும் ஏர் ஷாக் வைத்திருப்பவர்கள் வெதுவெதுப்பான கொட்டகையில் அழுத்தம் பார்த்துவிட்டு வெளியே போய் ஏமாறுவது இதனால்தான். இவையெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் ஆபத்து. ஓட்டுபவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறார். வண்டிக்கு வயசாகிவிட்டது, தடம் மோசம் என்று நினைத்துக்கொள்கிறார்.

பட்டறை மேசையில் அப்படியொரு ஷாக்கைப் பிரிப்பதைப் பார்த்தால் உண்மை தெரியும். அதன் முனையிலுள்ள வளையக் கண்ணை வைஸில் மென்தாடை வைத்துக் கவ்வ வேண்டும். முதலில் வாயுவை வெளியேற்ற வேண்டும். நல்ல ஷாக் சீறும், செத்த ஷாக் லேசாக மூச்சுவிட்டு நின்றுவிடும். மூடியைக் கழற்றித் தண்டை உருவினால் எண்ணெய் வரும். புதிதாக ஊற்றியபோது தெளிவாக இருந்தது இப்போது சாம்பல் நிறம். ஒளியில் காட்டினால் உலோகத்தூள் மினுங்கும். கருகிய வாடை அடிக்கும். தண்டின் நுனியில் பிஸ்டன், அதன் இரு பக்கமும் ஷிம் எனப்படும் எஃகுத் தகடுகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கோ அதற்கும் குறைவோ தடிமன். பெரிய வட்டம் பிஸ்டனை ஒட்டி, பிறகு சிறியது, மேலும் சிறியது என்று கோபுரமாக அடுக்கியிருக்கும். ஒரு பக்க அடுக்கு அமுங்குவதைக் கட்டுப்படுத்தும், மறுபக்க அடுக்கு மீள்வதைக் கட்டுப்படுத்தும். வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வைத்துவிட்டு, கனமான ஓட்டுநருக்கோ வேகமாகத் தாவுகிறவருக்கோ ஏற்ப ஓரிரு தகடுகளை மாற்றுவார்கள். மிதக்கும் பிஸ்டனைக் கொஞ்சம் இடம் மாற்றி வாயு அறையைச் சுருக்கினால் கடைசி சென்டிமீட்டர்களில் எதிர்ப்பு கூடும். அடிதட்டுவதற்கு அது நேரடி மருந்து. பிறகு புது சீல், புது எண்ணெய், குமிழி போகும்வரை பொறுமை, கடைசியில் நைட்ரஜன். பல ஷாக்குகளுக்கு அந்த அழுத்தம் 200 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். கார் டயரில் நாம் அடிப்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

எல்லா ஷாக்கையும் இப்படிப் பிரிக்க முடியாது. விலை குறைந்த வண்டிகளில் வருபவற்றில் பல ஒட்டுமொத்தமாக மூடி முத்திரையிட்டவை. உயிர் போனால் தூக்கி எறியத்தான் வேண்டும். ஷாக்கின் தரத்தை உயர்த்துவது என்றால் முதல் படி, பிரித்துச் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்கு மாறுவது. தனிக் குப்பியும் திருகிக்கொள்ளும் குமிழ்களும் அதற்குப் பிறகு. குப்பி கூடுதல் எண்ணெயை வைத்திருப்பதால் சூடு தாமதமாக ஏறும். குமிழ்களால் அமுக்கத்தையும் மீட்சியையும் தடத்திலேயே மாற்றலாம். அலாஸ்காவில் 1984 முதல் நடக்கும் அயர்ன் டாக் பந்தயத்தில் இருவர் இருவராக உறைந்த ஆறுகள் வழியே 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். அங்கே மணிக்கணக்கில் இடைவிடாமல் அடி வாங்கும் ஷாக்குக்கு இந்த வசதி ஆடம்பரமாகாது. வார இறுதியில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அவ்வளவும் வேண்டியதில்லை.

மீட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அனுபவசாலிகளும் இங்கே தடுமாறுகிறார்கள். அடிதட்டுகிறது என்றதும் எல்லாக் குமிழ்களையும் இறுக்கும் பக்கமாகத் திருப்பினால் மீட்சியும் மெதுவாகிவிடும். முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் முழுதாக விரிவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும். பாதி விரிந்த நிலையில் மறுபடி அமுங்கும், மூன்றாவதில் இன்னும் தாழ்ந்து நிற்கும். நான்காவது மேட்டில் 'டங்'. வண்டி மேலும் மென்மையாகிவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்குவார்கள். நிலைமை மேலும் கெடும். தனி ஒரு பெரிய பள்ளத்தில் அடிதட்டினால் அமுக்கத்தைப் பாருங்கள். வரிசை மேடுகளில் மூன்றாவது நான்காவதில் மட்டும் தட்டினால் மீட்சியைத் தளர்த்திப் பாருங்கள்.

எந்த ஷாக் தட்டுகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முன் ஷாக், பின் ஷாக் இரண்டின் தண்டிலும் ஆளுக்கொரு ஜிப் டையை லேசாகக் கட்டி, சீலை ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு ஓட்டினால் போதும். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவுக்கு ஜிப் டை நகர்ந்திருக்கும். அன்றைய மிகப் பெரிய மேட்டில் ஒருமுறை கடைசி வரை தொட்டு வந்தால் அது நல்ல அமைப்பு. ஒருபோதும் தொடாத ஷாக் ஓட்டுபவருக்கு உரிய தூரத்தில் ஒரு பகுதியைக் கொடுக்காமலே வைத்திருக்கிறது.

விளையாட்டுக்காரர்களை மட்டும் வைத்து இந்தக் கதையை முடித்தால் தவறாகும். ஸ்னோமொபைல் 1960களில் பின்லாந்தின் வட கோடிக்குப் போனது. செவெட்டியார்வி பகுதியின் ஸ்கோல்ட் சாமி மக்களின் கலைமான் மேய்ப்பு வாழ்க்கையை அது எப்படித் தலைகீழாக்கியது என்று மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ 1973இல் ஒரு நூலே எழுதினார். மேய்ப்பருக்கு வார இறுதி கிடையாது, சீர்செய்த தடமும் கிடையாது. பருவம் முழுக்க, நாள் முழுக்க, கல்லும் புதரும் உறைந்த நிலத்தில் மந்தையின் பின்னால் ஓட வேண்டும். அவர்களிடையே முதுகுவலி பரவலாக இருப்பதை வடக்கு ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பந்தயத்துக்காகப் பிறந்த நல்ல ஷாக் முதலில் போய்ச்சேர வேண்டிய முதுகுகள் அவை. விலை காரணமாக அங்கே கடைசியாகத்தான் போகிறது.

இப்போது ஷாக்கே நிலத்தை உணரத் தொடங்கிவிட்டது. ஸ்கி-டூவும் போட்டி நிறுவனமான போலாரிஸும் சென்சாரும் கணினியும் வைத்து ஓடும்போதே எண்ணெய் வழியைச் சுருக்கி விரிக்கும் ஷாக்குகளை விற்கின்றன. நல்ல வேலைப்பாடு. ஆனாலும் உள்ளே இருப்பது அதே எண்ணெய், அதே சீல், அதே நைட்ரஜன்; அவை கெட்டால் கணினியும் கைவிரித்துவிடும்.

டொரன்டோவிலிருந்து வடக்கே போய் ஸ்னோமொபைல் ஓட்டும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்க நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினை முடுக்கிக் கேட்பதற்கு முன்னால், பின்பக்கம் குனிந்து இரண்டு ஷாக்குகளின் தண்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய் ஒட்டினாலோ, விரலில் பொட்டுக் காயம் தட்டுப்பட்டாலோ, ஷாக் சர்வீஸுக்கு ஆகும் பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். வாங்கிய பிறகு வேறு எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பணத்தை ஷாக்குக்கே செலவிடுங்கள். உங்கள் எடையை மெக்கானிக்கிடம் கூச்சமில்லாமல், உடுப்போடு சேர்த்துச் சொல்லுங்கள்.